ஒரு முழத்துக்கு மேல்

கிருஷ்ணகிரி,
14.11.1986

அன்புள்ள சாந்தம்மாவுக்கு,

குல்ஷன் எழுதிக்கொள்வது. உன்னையும் உன் வீட்டுக்காரரையும் ஆண்டவன் அந்தத் தூர தேசத்தில் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். ஜாம்பியாவில் வெயில் தாங்கவில்லை என்றும், கரும்பலகை போதாமல் பள்ளிக்கூடச் சுவரிலேயே கணக்குப் போட்டுக் காட்டுகிறாய் என்றும் நீ எழுதிய கடிதம் வந்து இருபது நாளாகிறது. அப்போதே பதில் எழுதத் தொடங்கி மூன்று பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். அதை இன்று காலையில் கிழித்துவிட்டேன். அவ்வளவும் பெருமையாக எழுதியது. இப்போது படிக்க முடியவில்லை.

முதலில் உன் வீட்டுச் செய்தி. உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பேரிகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பச்சைத் துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டு, என் குரலை வைத்தே நான் இளைத்துப்போய்விட்டேன் என்று சொன்னார்கள். தக்காளி இந்தத் தடவை நன்றாகக் காய்த்திருக்கிறது. உன் தம்பி பைக் வாங்கவேண்டும் என்று அடம்பிடிக்கிறான். நீ எழுதி அடக்கினால் அடங்குவான்.

இனி, நான் எழுதவேண்டியதை எழுதுகிறேன்.  

நம் பயிற்சி நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சுக் கம்பெனி உனக்கு நினைவிருக்கும். சுவிட்சுக்குள் வைக்கும் சின்னப் பித்தளைத் தகடுகளை அங்கே பவர் பிரஸ்ஸில் அடித்து வளைக்கிறார்கள். பன்னிரண்டு பிரஸ், பன்னிரண்டிலும் பெண்கள். நாம் பாடம் நடத்தும்போது அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே நமக்குத் தொண்டை கட்டும். புதன்கிழமை பதினோரு மணி இருக்கும், இரண்டாம் ஆண்டுப் பெண்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்தச் சத்தம் நின்றது. சாப்பாட்டு மணிக்குத்தான் பன்னிரண்டும் சேர்ந்து நிற்கும். நான் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை வகுப்பில் தனியாக, பெரிதாகக் கேட்டது. எனக்கே கூச்சமாக இருந்தது. ஜன்னல் பக்கம் இருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். பிறகுதான் அந்தப் பக்கமிருந்து அழுகை கேட்டது.

கெம்பம்மா என்று ஒருத்தி. நான் கிருஷ்ணகிரியில் ஏறும் ஏழரை மணி பஸ்ஸில் அவள் சூளகிரியில் ஏறுவாள். எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் அங்கேதான் வந்து உட்காருவாள். பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலுமாகப் பேசுவாள். முப்பது வயதுகூட இருக்காது. அவள் மகள் நான்காம் வகுப்பில் கழித்தல் கணக்குக்கு அழுகிறாள் என்று சொல்லி, கடன் வாங்கிக் கழிப்பதை என்னிடம் பஸ்ஸிலேயே கற்றுக்கொண்டு போனவள். அந்தக் கெம்பம்மாவின் இடது கைதான். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் போய்விட்டன. கம்பெனி வேனில் ஏற்றும்போது நான் வேலிப் பக்கம் நின்றிருந்தேன். கையைச் சுற்றி யாருடைய துப்பட்டாவையோ கட்டியிருந்தார்கள். அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

இதுவரைக்கும் படித்துவிட்டு, குல்ஷன் ஒரு விபத்தைப் பார்த்துப் பயந்துபோயிருக்கிறாள் என்று நினைப்பாய். நானும் புதன்கிழமை சாயங்காலம் வரை அப்படித்தான் நினைத்தேன்.

அந்த பிரஸ்ஸை ஓட்டுவதற்கு இரண்டு பட்டன் உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் தகட்டை அடிக்கும் அச்சு மேலிருந்து இறங்கும். அச்சு இறங்கும் நேரத்தில் இரண்டு கையும் பட்டன்மேல் இருந்தே ஆகவேண்டும், உள்ளே கை போகாது. அதற்காக வைத்த ஏற்பாடு. முன்பெல்லாம் அந்த பட்டன்களை பிரஸ்ஸின் இரண்டு பக்கத்துக் கால்களிலும் பக்கத்துக்கு ஒன்றாக முடுக்கி, ஒயரைத் தொங்கவிட்டிருந்தார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று, ஜூன் மாதம் கம்பெனி எஞ்சினியர் நம் முதல்வர் மாரிசாமி சாரைத் தேடி வந்தார். இரண்டு பட்டனையும் ஒரே பெட்டியில் அடக்கி, அழகாக ஒரு டிசைன் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார். சார் என்னைக் கூப்பிட்டு, உங்கள் கணக்கு டிசைனுக்கு ஒரு வேலை வந்திருக்கிறது என்று சொன்னார். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை அந்தக் கிழித்த கடிதத்தில்தான் எழுதியிருந்தேன்.

நமக்கு டிராயிங் மாஸ்டர் இல்லாமல் போன வருஷம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய பாடம்தானே அது. கையில் கலை இல்லாவிட்டால் என்ன, கணக்கு இருக்கிறது என்று நீதான் சொன்னாய். தாளை மடித்து மை தெளித்து, சமச்சீர் என்றால் என்ன என்று காட்டினோம். டிராயிங் ஷீட்டைப் பாதியாக வெட்டினால் அந்தப் பாதியும் அதே வடிவத்தில் இருக்கும், மறுபடி வெட்டினாலும் அதே வடிவம்தான் என்று காட்டினபோது, பெண்கள் வெட்டி வெட்டித் தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? சதுரமும் அறுகோணமும் இடைவெளி விடாமல் தரையை நிரப்பும், ஐங்கோணம் நிரப்பாது என்பதை அவர்களே அட்டையில் வெட்டிக் கண்டுபிடித்தார்கள். ஐந்தாம் பாடம் விகிதம். அகலம் மூன்று பங்கு, நீளம் ஐந்து பங்கு இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும் என்று எழுதினோம். நீ போன பிறகும் அந்த ஐந்தாம் பாடத்தைத்தான் நான் மிகவும் ஆசையாக நடத்தினேன்.

பெட்டியை வரைய வகுப்புக்கே வேலை கொடுத்தேன். பதினெட்டுப் பெண்கள், பதினெட்டுப் படம். அதில் முனிலட்சுமி என்ற பெண் வரைந்தது ஒன்று. உங்கள் பேரிகைப் பெண்தான். அவள் அம்மா சந்தையில் பூ கட்டி விற்கிறார். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள், ஆனால் கோடு சுத்தமாக விழும். மற்றவர்கள் எல்லோரும் நான் சொன்ன விகிதத்தில் போட்டிருந்தார்கள். இவள் மட்டும் ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒன்றைப் போட்டு, இந்தக் கோடியில் ஒரு பட்டனும் அந்தக் கோடியில் ஒரு பட்டனும் வைத்திருந்தாள். இரண்டுக்கும் நடுவே அறுநூறு மில்லிமீட்டர். பிரஸ்ஸின் மேஜையைத் தாண்டி இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். ஓரத்தில் பென்சிலில் பொடியாக, 'ஒரு முழத்துக்கு மேல் இருக்கட்டும்' என்று எழுதியிருந்தாள்.

நான் அந்தத் தாளைத் தூக்கி வகுப்புக்குக் காட்டினேன், சாந்தம்மா. முழம் என்பது ஆளுக்கு ஆள் மாறும், டிராயிங்கில் முழம் எழுதுகிறவளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பூக்கடை என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அவள் எழுந்து ஏதோ சொல்ல வந்தாள். நான் உட்காரச் சொன்னேன். சிவப்பு மையில் அந்த வரியை அடித்து, அறுநூறை அடித்து, பக்கத்தில் இருநூற்று எண்பது என்று எழுதினேன். பெட்டி இருநூற்றுப் பத்துக்கு முந்நூற்று ஐம்பது. மூன்றுக்கு ஐந்து. கோடு சுத்தமாக இருப்பதால் நீயே திருத்தி வரை, உன் பெயரிலேயே அனுப்புகிறேன் என்று அவளுக்கு ஒரு பரிசு கொடுப்பது போலச் சொன்னேன். அவள் திருத்தி வரைந்தாள். கீழே அவள் பெயரும், 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்தும். கம்பெனி எஞ்சினியரும் பார்த்து ஒப்புக்கொண்டு, பன்னிரண்டு பெட்டி செய்து மாட்டினார்கள்.

செப்டம்பரில் கம்பெனியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. புதுப் பெட்டி வந்ததிலிருந்து வேலையின் வேகம் கூடியிருக்கிறது, பெண்கள் விரும்பி வேலை செய்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். அதை வகுப்பில் வாசித்தேன். ஒரு பொருள் அழகாக இருந்தால் அதைத் தொட்டு வேலை செய்கிறவர்களுக்கும் உற்சாகம் வரும் என்று அதற்கு விளக்கமும் சொன்னேன்.

புதன்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் கெம்பம்மாவோடு வேலை செய்யும் மாரம்மா ஏறினாள். விபத்து எப்படி நடந்தது என்று கேட்டேன். அவள் தன் வலது கையை முன் சீட்டின் கம்பிமேல் படுக்கவைத்துக் காட்டினாள். முழங்கை ஒரு பட்டன்மேல், உள்ளங்கை இன்னொரு பட்டன்மேல். ஒரே கை போதும். இடது கை சும்மா இருக்கும், தகட்டை வைக்கலாம், எடுக்கலாம். புதுப் பெட்டி வந்த நாலாவது நாளிலிருந்தே எல்லோரும் இப்படித்தான் அழுத்துகிறார்கள், சூப்பர்வைசருக்கும் தெரியும் என்றாள். வேகம் கூடியது இதனால்தான். கெம்பம்மா தகட்டை நேராக்கிவிட்டுக் கையை எடுப்பதற்குள் வலது முழங்கை அழுந்திவிட்டது.

நான் கம்பிமேல் கிடந்த மாரம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை. பூக்காரி அளக்கும் முழம். ஒரு முழத்துக்கு மேல் தள்ளி வைத்தால் ஒரே கையால் இரண்டையும் தொடமுடியாது. அந்தப் பெண் அதைத்தான் எழுதியிருந்தாள். இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. ராயக்கோட்டை ரோடு வரைக்கும் போய்த் திரும்பி நடந்து வந்தேன்.

நேற்று முதல்வர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கம்பெனி விசாரணையில் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதப்போகிறார்களாம். தொழிற்சாலை ஆய்வாளர் வந்து பெட்டியின் படத்தைக் கேட்டால், கடைசியாக அனுப்பிய படத்தை மட்டும் கொடுங்கள், அதற்கு முன்னால் வகுப்பில் போட்ட திருத்தம் எல்லாம் நம் உள் விஷயம் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாற்பது பெண்கள் படிக்கிற இடம், மூடிவிட்டால் இவர்கள் எங்கே போவார்கள் என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அறையை விட்டு வராந்தாவுக்கு வந்தால் முனிலட்சுமி நிற்கிறாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நான் என்ன எதிர்பார்த்தேன் தெரியுமா? ஏன் மாற்றச் சொன்னீர்கள் என்று அவள் என்னைக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"என் பேருதான் கீழ போட்டிருக்குது டீச்சர். முழத்துக்கு உள்ள வெச்சா ஒரே கையில அழுத்திடுவாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கினே மாத்தி வரைஞ்சு குடுத்துட்டேன். தப்பு எம்மேலதானுங்களே?"

இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும், சாந்தம்மா.  பக்கத்து அறையில் முதல்வர் இருக்கிறார், கேட்டுவிடுவார் என்ற ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. வகுப்புக்குப் போ, அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அந்தப் பெண்ணின் கண் எதிரில் நான் இப்படி நடந்துகொண்டேன் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

அந்த முதல் தாள், சிவப்பு மைத் திருத்தத்தோடு, என் அலமாரியில்தான் இருக்கிறது. இந்தக் கடிதம் உனக்கு வந்து, உன் பதில் எனக்கு வருவதற்குள் டிசம்பர் முடிந்துவிடும். ஆய்வாளர் அதற்கு முன்னால் வந்துவிடுவார். ஆனாலும் எழுதிவிட்டேன். உன்னைத் தவிர வேறு யாரிடம் இதைச் சொல்ல?

உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் என் துஆ.

இப்படிக்கு,
குல்ஷன்


கிருஷ்ணகிரி,
9.12.1986

அன்புள்ள சாந்தம்மா,

உன் பதில் இன்னும் வரவில்லை. அதை எதிர்பார்க்காமலேயே இதை எழுதுகிறேன். எல்லோரும் சுகம். இங்கே பனி ஆரம்பித்துவிட்டது, காலை பஸ்ஸில் கண்ணாடி எல்லாம் மூடித்தான் வருகிறோம்.

போன கடிதத்தை அஞ்சலில் போட்ட அன்றைக்கு வீட்டில் அவரிடமும் சொன்னேன். அவர் குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போய்விட்டு வந்து களைப்பாக உட்கார்ந்திருந்தார். முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, ஆய்வாளர் கேட்டால் சொல், கேட்காததை நீயாக ஏன் சொல்லப்போகிறாய் என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அப்படியே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்திருந்தால் அப்படித்தான் இருந்திருப்பேன்.

கெம்பம்மா வார்டில் சுவரோரக் கட்டிலில் இருந்தாள். கை பெரிய பொட்டலமாக இருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கவனக்குறைவு என்று எழுதின தாளில் கம்பெனி ஆள் வந்து கைநாட்டு கேட்டானாம். கையெழுத்தே போடத் தெரியும் என்று சொல்லிவிட்டு, அதையும் போடாமல் வைத்திருக்கிறாள். வேலை போய்விடும் என்று அவள் அண்ணன் போடச் சொல்லி நச்சரிக்கிறார். இதையெல்லாம் அவள் ஊர்க்கதை பேசுவது போலப் பேசினாள். எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பெட்டியின் அளவைச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன். பட்டனைத் தள்ளி வைக்கவேண்டும் என்று ஒரு பெண் சரியாக வரைந்ததையும், நான் அதை அடித்ததையும் சொன்னேன்.

 கெம்பம்மா மகளைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினாள். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் குரல் ஏறவே இல்லை.

"நீங்க ஒருநாளாச்சும் வந்து அந்த ஸ்டூலு மேல குந்திப் பாத்தீங்களாம்மா?"

நான் இல்லை என்றேன். அவள் அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கிளம்பும்வரை திரும்பவில்லை. மகள் மட்டும் வாசல்வரை வந்து வழி காட்டினாள்.

ஐந்து வருஷமாக வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அளவு சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் ஒரு தடவைகூடப் போனதில்லை. நீயும் போனதில்லை. நம் பாடத்தில் கண் இருக்கிறது, கண்ணுக்கு எது நிறைவு என்று பக்கம் பக்கமாக எழுதினோம். கை எங்கேயும் வரவில்லை. நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. உனக்கும் தெரியவேண்டும் என்று சொல்கிறேன்.

ஆய்வாளர் நவம்பர் இருபதாம் தேதி வந்தார். வயதானவர், அதிகம் பேசாதவர். முதல்வர் இறுதிப் படத்தை மேஜைமேல் விரித்தார். நான் அலமாரியிலிருந்து முதல் தாளை எடுத்து வந்து அதன்மேலேயே வைத்தேன். முதல்வர் என்னைப் பார்க்கவில்லை. ஆய்வாளர் சிவப்பு மையைப் பார்த்துவிட்டு, இது யார் கை என்று கேட்டார். என் கை என்றேன். அந்தப் பென்சில் வரியை அவர் இரண்டு மூன்று தடவை படித்தார். தன் முழங்கையைத் தாள்மேல் வைத்து விரலை நீட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு கம்பெனிக்குப் போகலாம் என்றார். நானும் வருகிறேன் என்றேன்.

கெம்பம்மாவின் பிரஸ்ஸை யாரும் ஓட்டவில்லை. மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். உயரம் குறைவு, கால் முட்டி பெட்டியில் இடித்தது. பெட்டி எனக்கு முன்னால் இருந்தது. நம் மூன்றுக்கு ஐந்து. சாம்பல் வண்ணம் அடித்து, இரண்டு பட்டனும் பச்சையாக, ஒன்றுக்கொன்று சரியாக, பார்க்க அழகாகவே இருந்தது. யாரும் சொல்லாமலேயே என் வலது கை அதன்மேல் போய்ப் படுத்தது. முழங்கை ஒரு பட்டனில், உள்ளங்கை இன்னொன்றில், அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. அளவெடுத்துச் செய்ததுதானே. இடது கை தானாக அச்சுக்கு அடியில் போனது. நான் போகச் சொல்லவில்லை, சாந்தம்மா. அங்கே உட்கார்ந்தால் அதுதான் போகும். யாராக இருந்தாலும் போகும்.  எழுந்திருக்க முடியவில்லை. மாரம்மா வந்து தோளைப் பிடித்து எழுப்பினாள்.

ஆய்வாளர் அங்கேயே நின்று எழுதினார். தவறு பெட்டியின் அமைப்பில் இருக்கிறது, தொழிலாளியிடம் இல்லை என்று எழுதினார். எல்லோரும் ஒரு கையால் அழுத்துவது தெரிந்தும் விட்டுவைத்த கம்பெனியையும் அதில் சேர்த்தார். பன்னிரண்டு பெட்டியையும் கழற்றும்வரை ஒரு பிரஸ்ஸும் ஓடக்கூடாது என்றார். ஒன்பது நாள் எங்கள் வகுப்பில் சத்தமே இல்லை. இப்போது முனிலட்சுமி முதலில் போட்ட படத்தின்படியே செய்து மாட்டியிருக்கிறார்கள். நீளமாக, துருத்திக்கொண்டு, வழியில் போகிறவர்கள் புடவையை மாட்டிக்கொண்டு திட்டும்படி இருக்கிறது. ஒரு கையால் அழுத்த முடியாது. நான் பன்னிரண்டு ஸ்டூலிலும் உட்கார்ந்து பார்த்தேன்.

கெம்பம்மாவிடம் கையெழுத்துக் கேட்ட தாளைக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டது. கை ஆறிய பிறகு சரக்கைச் சரிபார்க்கும் இடத்தில் அவளுக்கு வேலை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் இரண்டு தடவை பஸ்ஸில் பார்த்தேன், ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்றப் போகிறாள். என் பக்கத்தில் இடம் இருந்தது. அவள் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவளைக் கூப்பிட எனக்கு எந்த உரிமையும் இல்லை.

எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். டிசைன் வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். கணக்கு மட்டும் நடத்துகிறேன். இதில் எனக்கு வருத்தம் இல்லை. முதல்வர் முன்போல் பேசுவதில்லை, ஆனால் நிலையத்தை மூடவில்லை. அவர் பயந்தது நடக்கவில்லை. அந்த மட்டில் நிம்மதி.

முனிலட்சுமியைப் பற்றித்தான் உனக்கு எழுதவேண்டும். அவள் ஆய்வாளர் வந்ததற்கு இரண்டு நாள் முன்பே வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். போன சனிக்கிழமை பேரிகைக்கு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா பூக்கூடையை ஒதுக்கிவைத்து உட்காரச் சொல்லி, காபி போட்டுக் கொடுத்தார். மகள் செய்த தப்புக்கு டீச்சர் மன்னிக்கவேண்டும் என்று என்னிடம் கேட்டார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முனிலட்சுமியைக் கூப்பிடச் சொன்னேன்.

முனிலட்சுமி வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வராந்தாவில் சொல்லவேண்டியதை, இருபத்துமூன்று நாள் கழித்துச் சொன்னேன். தப்பு என்னுடையது, நீ வரைந்தது சரி, ஆய்வாளரே அதைத்தான் எழுதியிருக்கிறார், இப்போது உன் படத்தின்படி செய்த பெட்டியில்தான் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்று சொன்னேன். அறுநூறு என்று எப்படி முடிவு செய்தாய் என்று கேட்டேன். வகுப்பில் எல்லாப் பெண்களின் கையையும் சாப்பாட்டு நேரத்தில், நூலை வைத்து, வளையல் வாங்கித் தருகிறேன் என்று ஏமாற்றி அளந்தாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் லேசாகச் சிரித்தாள். அந்த அளவில் மிக நீளமான கையை எடுத்து, அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்து அறுநூறு போட்டிருக்கிறாள். இதை நாம் யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை வந்துவிடு என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"எனக்குச் சரின்னு பட்டதையே நான் விட்டுட்டேன் டீச்சர். நாளைக்கு இன்னொருத்தர் மாத்தச் சொன்னாலும் மாத்திடுவேன். என்னை நம்பி யாரும் படம் குடுக்கக்கூடாதுங்க."

பதினெட்டு வயதுப் பெண், சாந்தம்மா. நான் அவளை மாற்றச் சொன்னேன், அவள் மாற்றினாள். அதை அவள் தன் குணம் என்று முடிவுகட்டிவிட்டாள். மூன்று விரல் போனது ஒரு பக்கம். இது யார் கண்ணிலும் படாமல் நடந்திருக்கிறது, இதையும் நான்தான் செய்திருக்கிறேன். அவள் பென்சில் பெட்டியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். பனி விலகுவதற்குள் எழுந்து அம்மாவோடு பூப் பறிக்கப் போகிறாள். கல்யாணப் பேச்சும் தொடங்கியிருக்கிறது.

 நான் சரி என்றாலும் தப்பு என்றாலும் இனி அவள் அதை எடை போடமாட்டாள், அமைதியாகத் தலையாட்டிவிடுவாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ அவளுக்கு ஒரு கடிதம் எழுது. அவளுக்கு உன்னைத் தெரியும், உன் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. தமிழில் வேண்டாம், தெலுங்கில் எழுது. வீட்டில் பேசுகிற பாஷையில் வந்தால் பாடம் போலத் தெரியாது. ஆறுதல் சொல்லாதே. அவள் வரைந்த படத்தைக் கேட்டு வாங்கு. உன் பள்ளியில் பிள்ளைகளுக்கு மேஜை போதவில்லை, குனிந்து எழுதிக் கழுத்து வலிக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்தப் பிள்ளைகளின் கை கால் அளவை நூலால் எடுத்து அவளுக்கு அனுப்பு. ஒரு மேஜை வரைந்து தரச் சொல். அவள் அனுப்பும் படத்தில் ஏதாவது தப்பு என்று உனக்குப் பட்டால், திருத்தாமல், ஏன் இப்படிப் போட்டாய் என்று மட்டும் கேள். அவள் பதில் சொல்லும்வரை காத்திரு. ஒரு மாதம் ஆனாலும் காத்திரு.

உன் பிள்ளைகள் எல்லோரும் நல்ல சுகத்தோடும் முழு உடம்போடும் வளரட்டும். ஆண்டவன் உன் கையால் நல்லதையே நடத்தி வைக்கட்டும். முனிலட்சுமிக்கு எழுதும் கடிதத்தில் என் பெயரை மட்டும் எழுதாதே.

இப்படிக்கு, உன்
குல்ஷன்